பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்!



"அண்ணே, சுவிட்சைத் தட்டிட்டுப் பசியாறப் போயிட்டு வந்தாலும் திரை இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. இந்தப் பெட்டி இனிமே ஆவாதா?"

லயத்து வீடுகளிலும், தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்ட குடும்பங்களிலும் இந்தக் கேள்வி அடிக்கடி கேட்கிறது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிக்கூடமே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பிள்ளை படிப்பு கெடக்கூடாதே என்று எத்தனையோ பேர் கையில் இருந்ததைப் போட்டுப் பழைய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். சிலருக்குச் சொந்தக்காரர்கள் கொடுத்தார்கள். வந்த அன்றைக்கே அது பழசு. இன்று அதற்குப் பத்து வயதுகூட ஆகியிருக்கும்.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் என்ன சொல்கிறார்கள்? "இது பழசு, போடு குப்பையில. புதுசு வாங்கு, தவணைக்குத் தர்றேன்." 2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. புதுக் கம்ப்யூட்டர் ஒன்று அதில் பெரும்பங்கை ஒரே வாயில் விழுங்கிவிடும். வீட்டு அம்மா அடகுக் கடைப் பக்கம் நடக்க வேண்டியதுதான்!

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. நோய் என்னவென்று பார்க்காமல் மருந்து வாங்காதீர்கள். மெதுவாக ஓடுகிற கம்ப்யூட்டருக்குக் காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம், பொறுமை போதும். பாதிக் கோளாறு காசில்லாமலே தீரும். மீதியில் பெரும்பாலானவை ஒரே ஒரு சாமானை மாற்றினால் தீரும்.

மூன்று ஆட்கள்

கம்ப்யூட்டருக்குள் முக்கியமான ஆட்கள் மூன்று பேர். முதல் ஆள் பிராசசர். வேலை செய்கிற கை. இரண்டாவது ராம், வேலை மேசை. மூன்றாவது ஹார்ட் டிஸ்க். சாமான் வைக்கிற ஸ்டோர்.

கை எவ்வளவு வேகமாக இருந்தாலும், மேசை சின்னதாக இருந்தால் ஒவ்வொரு சாமானுக்கும் ஸ்டோருக்கு ஓட வேண்டும். ஸ்டோர்க்காரர் மெதுவாக எடுத்துக் கொடுத்தால் கை சும்மா நிற்கும். ஆக, யார் தாமதப்படுத்துகிறார் என்று பார்க்க வேண்டும். மூன்று பேரையும் ஒன்றாக வேலையை விட்டு நிறுத்துவது நியாயமா?

முதலில் கேள்வி கேளுங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மெதுவாக இருப்பது எப்போது என்று எழுதுங்கள்.

சுவிட்சைப் போட்டதிலிருந்து எல்லா வேலையிலுமே மெதுவா? அப்படியானால் டிஸ்க் மேல் சந்தேகம். நன்றாகத் தொடங்கி, பல பக்கங்களைத் திறந்த பிறகு மெதுவா? ராம் போதவில்லை. அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறி, காற்றாடி இரைந்து, பிறகு மெதுவா? தூசியும் சூடும். இன்ன நாளிலிருந்து திடீரென்று மெதுவா? அன்றைக்கு யாரோ எதையோ ஏற்றியிருக்கிறார்கள்.

இணையம் பார்க்கும்போது மட்டும் மெதுவா? அப்படியானால் குற்றம் கம்ப்யூட்டர் மேல் இல்லாமலும் இருக்கலாம். இணையத்தைத் துண்டித்துவிட்டு, சும்மா எழுதுகிற பக்கத்தைத் திறந்து தட்டிப் பாருங்கள். எழுத்து உடனே விழுந்தால் பெட்டி நல்ல பெட்டி, லைன்தான் மோசம். செம்பனைக்கு நடுவே இருக்கிற வீடுகளில் இது சர்வ சாதாரணம். கைப்பேசிக்கு அலை நன்றாகக் கிடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை பாருங்கள். லைன் கோளாறுக்குப் பெட்டியை மாற்றுவது, கால்வலிக்குச் செருப்பு மாற்றுகிற கதை!

கை வைக்கும் முன்பு

பிள்ளையின் பாடம், வேலைக்கு எழுதின கடிதம், பிறப்புப் பத்திரப் படம், கல்யாணப் படம் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். பெட்டி போனால் இன்னொன்று வாங்கலாம். செத்துப்போன பாட்டியின் படம் திரும்ப வராது. டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் கேட்டால் வேறெந்த வேலையும் வேண்டாம். நகல் எடுப்பது ஒன்றே வேலை. அந்த டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தம்.

அடுத்து, 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். "நாங்க தினமும் அணைச்சுத்தானே வைக்கிறோம்" என்பீர்கள். விண்டோஸ் 8, 10, 11 ஆகியவற்றில் 'ஷட் டவுன்' கொடுத்தால் பல பெட்டிகள் முழுசாக அணைவதில்லை. மறுநாள் சீக்கிரம் எழுந்திருக்க உள்நிலையைப் பாதி சேமித்து வைத்துவிட்டுத் தூங்குகின்றன. நேற்றைய சிக்கல் இன்றைக்கும் தொடரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பெட்டி என்றால் இன்னொன்று: திறந்ததும் பழைய பாக்கியையெல்லாம் சேர்த்து உள்ளே புதுப்பித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு மெதுவாகத்தான் இருக்கும். ஒரு ராத்திரி இணையத்தோடு ஓடவிட்டு, காலையில் 'ரீஸ்டார்ட்' கொடுத்துப் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் பலகை

இதற்கென்று ஒரு பலகை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெயர் 'டாஸ்க் மேனேஜர்'. விசைப் பலகையின் இடது கீழ் மூலையில் 'கண்ட்ரோல்', அதற்கு மேலே 'ஷிப்ட்', மேல் மூலையில் 'எஸ்கேப்'. மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். சின்னதாகத் திறந்தால் 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டுங்கள்.

பெட்டியைத் திறந்து பத்து நிமிடம் கழித்து இதைப் பாருங்கள். சி.பி.யூ., மெமரி, டிஸ்க் என்று மூன்று பத்திகளும், மேலே விழுக்காடும் இருக்கும். நம் மூன்று ஆட்களின் வருகைப் பதிவேடு இதுதான்!

நீங்கள் ஒன்றும் செய்யாதபோதே டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்று, சி.பி.யூ. பத்து, இருபதில் இருந்தால் ஸ்டோர்க்காரர்தான் தாமதம். மெமரி 90-க்கு மேலே போனால் மேசை போதவில்லை. சி.பி.யூ. இறங்காமல் 100-இல் நின்றால் ஏதோ ஒரு புரோகிராம் கையை விடாமல் பிடித்திருக்கிறது. பத்தியின் தலைப்பைத் தட்டினால், அதிகம் தின்கிறவன் பெயர் மேலே வந்துவிடும். அது என்னவென்று தெரிந்தால் மூடுங்கள். தெரியாத பெயரென்றால் எழுதிவைத்துக்கொண்டு, விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள். கண்டதை எல்லாம் அழிக்க வேண்டாம்.

காசில்லாத வைத்தியம்

ஒன்று: அதே பலகையில் 'ஸ்டார்ட்டப்' என்றொரு பக்கம். பெட்டி திறக்கும்போதே கூடவே எழுந்து வருகிறவர்களின் பட்டியல் அது. பாட்டு, விளையாட்டு, அரட்டைப் புரோகிராம்கள் எல்லாம் அங்கே நிற்கும். வேண்டாததைத் தேர்ந்து 'டிசேபிள்' கொடுங்கள். புரோகிராம் அழியாது, கூப்பிட்டால்தான் வரும், அவ்வளவுதான்.

இரண்டு: பயன்படாத புரோகிராம்களை 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஆப்ஸ்' பக்கத்தில் போய் நீக்குங்கள். வைரஸ் காவலுக்கு இரண்டு புரோகிராம் இருந்தால் ஒன்றை எடுங்கள். ஒரே வாசலுக்கு இரண்டு காவல்காரர் நின்றால் இருவரும் ஒருவரையொருவர் சோதனை போட்டுக்கொண்டே இருப்பார்கள். விண்டோஸ் 10-இல் 'டிஃபெண்டர்' என்ற காவல் கூடவே வருகிறது. சாதாரண வீட்டுக்கு அது போதும்.

மூன்று: சி டிரைவ் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். கோடு சிவப்பாக இருந்தால் மூச்சு முட்டுகிறது என்று பொருள். படங்களையும் வீடியோக்களையும் வெளியே மாற்றுங்கள். 'செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ்' போய் தற்காலிகக் குப்பையை அழியுங்கள். அங்கே 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு பெயர் இருந்தால் டிக் போடுமுன் பாருங்கள். பிள்ளை இறக்கி வைத்த பாடம் அதற்குள் இருக்கலாம்.

நான்கு: இணையம் பார்க்கிற புரோகிராமில் இருபது பக்கத்தைத் திறந்து வைக்காதீர்கள். ஒவ்வொன்றும் மேசையில் இடம் பிடிக்கும். யார் போட்டதென்றே தெரியாத 'எக்ஸ்டென்ஷன்'களை நீக்குங்கள்.

ஐந்து: பெட்டி வைத்திருக்கிற தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறதா? உள்ளே காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி செத்துவிட்டது. பெரும்பாலும் சி.ஆர். 2032 என்கிற 3 வோல்ட் பேட்டரிதான். தேதி தப்பாக இருந்தால் பல இணையப் பக்கங்கள் திறக்காது. "பெட்டி போச்சு" என்று கைவிடப்படுகிற சில பெட்டிகளுக்கு இந்தச் சில்லறை பேட்டரிதான் மருந்து.

மோசடிக்காரனிடம் மாட்டாதீர்கள்

"உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரம் கோளாறு! உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்!" என்று திரை முழுக்கச் சிவப்பாக வரும். சத்தம்கூடப் போடும். பயப்படாதீர்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. அந்த எண்ணுக்கு அழைத்தால் மறுமுனையில் இருப்பவன் பெட்டிக்குள் நுழைவான். அப்புறம் வங்கிக் கணக்குக்குள் நுழைவான். அந்தப் பக்கத்தை மூடுங்கள். மூட முடியாவிட்டால் பெட்டியை அணையுங்கள். 'ஒரே தட்டில் பத்து மடங்கு வேகம்' என்று விளம்பரம் செய்கிற புரோகிராம்களும் வேண்டாம். வேகம் தருவதாக வந்து, தாமே பெட்டிக்குச் சுமையாக உட்கார்ந்துகொள்பவை அவற்றில் ஏராளம்.

தூசியும் சூடும்

நம் செம்மண் பாதைப் புழுதி எங்கே போகிறது? சட்டையில் படிகிற மாதிரியே கம்ப்யூட்டர் காற்றாடியிலும் படிகிறது. கூடவே எறும்பு, கரப்பான், பல்லி முட்டை! காற்று போகாமல் சூடேறினால், கருகிவிடாமல் இருக்க பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, தற்காப்பு.

மேசைக் கம்ப்யூட்டர் என்றால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பக்கத்து மூடியைக் கழற்றுங்கள். காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த மெல்லிய பெயிண்ட் பிரஷால் தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி ஆகாது. மின்சாரம் உள்ளே வருகிற இரும்புப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். மடிக் கம்ப்யூட்டரைத் திறக்கத் தெரியாவிட்டால் கடையில் தூசி எடுக்கச் சொல்லுங்கள். அதை மெத்தையில், தலையணையில் வைத்து ஓட்டினால் காற்று போகிற வழி அடைபடும், பலகைமேல் வையுங்கள். பேட்டரி உப்பி அடிப்பக்கம் பிதுங்கியிருந்தால் உடனே அணைத்துவிட்டு, குத்தாமல் அழுத்தாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். அது தீப்பிடிக்கக்கூடிய சாமான்.

இடி இடிக்கிற சாயங்காலங்களில் மின்சாரத்தையும் இணைய வயரையும் பிடுங்கி வைப்பதைப் பழக்கமாக்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

காசு போடுவதானால் எங்கே?

இத்தனை செய்தும் டிஸ்க் 100-இலேயே நிற்கிறதா? இப்போதுதான் காசுப் பையைத் தொட வேண்டிய நேரம்.

பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகிறது. ஒரு கை அங்கும் இங்கும் நகர்ந்து விஷயத்தைத் தேடி எடுக்கிறது. பால்மரம் வெட்டினவர்களுக்கு இது புரியும். மரம் வரிசையாக நின்றால் நிரை சீக்கிரம் முடியும். ஒரு மரம் மேட்டிலும் அடுத்தது பள்ளத்திலும் என்றால் வெட்டுகிற நேரத்தைவிட நடக்கிற நேரம்தான் அதிகம். பழைய டிஸ்க் நாளெல்லாம் இப்படி நடந்துகொண்டே இருக்கிறது.

'எஸ்.எஸ்.டி.' என்கிற புது வகை டிஸ்க்கில் சுற்றுகிற தட்டும் இல்லை, நகர்கிற கையும் இல்லை. நடையே கிடையாது. பழைய டிஸ்க் ஒரு விஷயத்தைத் தேடிப் பிடிக்கச் சுமார் 10 மில்லி விநாடி எடுத்தால், இது அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடும். பழைய பெட்டிக்கு வேறெந்தச் சாமானும் இவ்வளவு வித்தியாசம் தராது. சாதாரண வீட்டு வேலைக்கு 240 அல்லது 256 ஜி.பி. அளவு போதும்.

அதற்கு அடுத்தது ராம். 4 ஜி.பி. இருந்தால் 8 ஆக்குவது நல்லது. ஆனால் டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகை உண்டு; ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. பெட்டியைக் கொண்டுபோய் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். விலை ஏறும், இறங்கும். ஒரே கடையோடு நிற்காமல் இரண்டு மூன்று கடையில் கேளுங்கள்.

கடையில் மூன்று விஷயத்தை வாய்விட்டுக் கேளுங்கள். சாமானுக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக பில்லில் எழுதச் சொல்லுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம் என்று கேளுங்கள். கழற்றிய பழைய டிஸ்க்கைத் திருப்பிக் கேளுங்கள். அதில் உங்கள் குடும்பத்துப் படமும் அடையாள அட்டை விவரமும் இருக்கிறது. "விண்டோஸுக்குத் தனியாக் காசு" என்றால் யோசியுங்கள். உங்கள் பெட்டியில் முறையான விண்டோஸ் 10 ஏற்கெனவே இருந்திருந்தால், டிஸ்க்கை மாற்றி அதே பதிப்பை ஏற்றினாலும் பெட்டியை அடையாளம் கண்டு அனுமதி கொடுத்துவிடும்.

விண்டோஸ் 10 என்னவாயிற்று?

"விண்டோஸ் 10 செத்துப்போச்சாம், பெட்டியை மாத்தணுமாம்" என்று ஒரு பேச்சு நடக்கிறது. பாதி உண்மை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்தியது. வீட்டுப் பெட்டிகளுக்குப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை என்று ஒரு தவணை வைத்தது. திருத்தம் நின்றாலும் பெட்டி ஓடும். ஆனால் பூட்டு பழுதான வீடு மாதிரி. அதில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், 'டி.பி.எம். 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு, புதுத் தலைமுறை பிராசசர் எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதல்தான். ஸ்டிக்கரைவிட 'சிஸ்டம், அபௌட்' பக்கத்தைப் பாருங்கள். ஐ5-8250 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8 தான் தலைமுறை.

அது இல்லாத பெட்டிக்கும் வழி உண்டு. 'லினக்ஸ் மின்ட்' என்று இலவசமாகக் கிடைக்கிறது. 2 ஜி.பி. ராமிலேயே ஓடும், 4 இருந்தால் வசதி. பென் டிரைவில் போட்டு, டிஸ்க்கைத் தொடாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். கடிதம் எழுத, கணக்குப் போட, இணையத்தில் பாடம் படிக்க அது போதும். விண்டோஸுக்கென்றே செய்த சில புரோகிராம்கள் அதில் ஓடாது. பிள்ளையின் ஆசிரியரிடம் என்னென்ன தேவை என்று கேட்டுவிட்டு மாறுங்கள்.

எப்போது கைவிடலாம்?

எல்லாப் பெட்டியும் பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. ராமும் 32 ஜி.பி. டிஸ்க்கும் பலகையோடு ஒட்டி வைத்த மலிவு மடிக் கம்ப்யூட்டர்களில் எதையும் மாற்ற முடியாது. உள்பலகை கருகியிருந்தாலும், பழுது பார்க்கிற செலவு நல்ல பழைய பெட்டி ஒன்றின் விலையை நெருங்கினாலும் விட்டுவிடுங்கள். அப்போதும் தவணைக்குப் புதுசுதான் என்று இல்லை. எட்டாம் தலைமுறை, 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. இந்த மூன்றும் உள்ள பழைய பெட்டியைக் கேட்டுப் பார்த்து, கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

பெற்றோர்களே, இந்த வேலைகளை வீட்டுப் பிள்ளைகளிடமே கொடுங்கள். பையன் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று சட்டமில்லை. படிவம் மூன்று படிக்கிற பெண் பிள்ளையும் பலகையைப் பார்த்து நோயைச் சொல்லிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பெட்டியையும் அவள் பார்த்துக் கொடுத்தால் லயத்துக்கே ஒத்தாசை.

இந்தப் பக்கத்தை வெட்டி, கம்ப்யூட்டர் இருக்கிற சுவரில் ஒட்டி வையுங்கள். வரிசை இதுதான்: முதலில் நகல், பிறகு ரீஸ்டார்ட், பிறகு பலகை, பிறகு காசில்லாத வைத்தியம், பிறகு தூசி, அதற்கும் பிறகுதான் காசு. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், "கொஞ்சம் இருங்க, நாங்க பார்த்துட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்!